சாருக்கு வைத்த அரிசி

நைனா,

இன்று காலை, நீ வாங்கி வைத்துவிட்டுப் போன அரிசிச் சிப்பத்தைப் பிரித்தேன். காய்ந்த வேப்பிலை வாசனையோடு பழைய அரிசியின் தூசு மூக்கில் ஏறியது. "வருசம் ஆயிடுச்சுங்க. மாமா யாருக்கு வெச்சாரோ அவருக்குக் குடுங்க, இல்லன்னா ஆக்கிடலாம்" என்றாள் உன் மருமகள். கொடுக்க ஆள் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

சென்னையில் ஒரு கம்பெனி முதலாளிக்கு, அதுதான் சாருக்கு, நான் சீஃப் ஆஃப் ஸ்டாஃபாக இருந்தேன். அவர் யாரைப் பார்ப்பது, எந்தக் கடிதத்துக்கு என்ன பதில், எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். நீ அதை ஆரணி ரைஸ் மில் களத்தில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தாய். "எம் புள்ள சரின்னு சொன்னாத்தான் மொதலாளியே ஆளப் பாப்பாரு." ஆயுசு முழுக்க அந்தக் களத்தில் நெல் காயவைத்தவன் நீ. அந்தப் பெருமையில் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாய்.

உனக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் என்றானபோது வேலையை விட்டு ஊருக்கே வந்துவிட்டேன். சாரைக் குறை சொல்ல மாட்டேன்; அந்த வேலைக்கு அரை ஆள் போதாது. உன்னிடம் மட்டும், "ஊட்லேர்ந்தே வேலை பாக்கச் சொல்லிட்டாரு நைனா" என்றேன். உண்மை தெரிந்தால் உன்னால்தான் என்று உடைந்துபோவாய், அதனால் மறைத்தேன் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. ஊரில் ஒரு பட்டுக்கடைக்கு விளம்பரம் எழுதிக் கொடுக்க, கடைக்காரர் கூப்பிடும்வரை ஸ்டூலில் காத்துக் கிடந்தேன். ஃப்ரீலான்ஸ் என்று அதற்குப் பெயர். அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது.

நீ என்னடாவென்றால் சாருக்கு நன்றி சொல்லக் கிளம்பிவிட்டாய். மில்லில் சொல்லி நல்ல பொன்னி ஒரு சிப்பம் வரவழைத்தாய். "பெத்தவனப் பாத்துக்கோன்னு அனுப்பிச்சாரே, அவரு மனுசன்டா. புது அரிசி கொழஞ்சிடும். ஒரு வருசம் பழசாவட்டும், அப்பால கொண்டும்போயி குடு."

அதன் பிறகு தினமும் கேட்டாய், "சாரு இன்னா சொல்றாரு?" நானும் வாய் கூசாமல், "உன் ஒடம்ப விசாரிச்சாரு" என்பேன். அவர் எப்படிப் பேசுவார் என்பது எனக்கு அத்துப்படி. எத்தனையோ பேருக்கு அவர் சார்பில் பதில் சொன்னவன்தானே.

கடைசி வாரம், ஊசி குத்திய கையைத் தூக்க முடியாமல், "அரிசிய மறந்துடாத. எலி பூந்துடப் போவுது" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அறையில் நாம் இருவர்தான் இருந்தோம். "சரி நைனா" என்றேன். இப்போது அதை நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

மதியம் உன் மருமகள் அதை ஆக்கினாள். நீ சொன்னபடியே குழையாமல் உதிரியாக வெந்திருந்தது. முதல் வாய் வைத்ததும் "சாரு இன்னா சொல்றாரு?" என்ற உன் கேள்வி காதில் விழுந்தது. எந்த வேலையை முடித்து அனுப்பினாலும் இன்னும் அதுதான் விழுகிறது.

சார் ஒன்றும் சொல்லவில்லை, நைனா. இந்த அரிசியைப் பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது. உன்னைப் பார்த்துக்கொள்ள என்னை யாரும் அனுப்பவில்லை. நானாகத்தான் வந்தேன்.

சோறு நன்றாக இருக்கிறது.