அக்காவுக்கு விட்ட இடம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதச் சொல்லி அம்மா தலைக்கு மேல் நின்றாள். எழுதிவிட்டேன். இப்போது காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போயிருக்கிறாள். அவள் இறங்குவதற்குள் உண்மையையும் எழுதிவிடுகிறேன். போனில் சொன்னால் அழுதுவிடுவேன். அப்புறம் என் கெத்து என்ன ஆவது?

நீ எது சொன்னாலும் அப்பா காதுகொடுத்துக் கேட்பதில்லை, "சாப்டியாம்மா, ஜெபம் பண்ணு" என்று போனை வைத்துவிடுகிறார், நீ அவர் பாடகர் குழுவை விட்டு வெளியூர் வேலைக்குப் போன கோபம் இன்னும் ஆறவில்லை என்று எழுதியிருந்தாய். கோபமெல்லாம் இல்லை அக்கா. கொடுப்பதற்கு அவரிடம் காதுதான் இல்லை.

கண்டுபிடித்தது நான்தான். சபையின் ஆண்டு ஆராதனைக்கு அப்பா எழுதிய புதுப்பாட்டைப் பழகிக்கொண்டிருந்தோம். அவரைத்தான் தெரியுமே, பல்லவியில் பல்லைக் காட்டினால் சரணத்தில் சரணடைய வைத்துவிடுவார். எனக்குக் கை அரித்தது. இரண்டாம் சரணத்தில் யாரும் பாடக்கூடாது, வாயை மட்டும் அசைக்க வேண்டும் என்று பெண்கள் கீழ்க்குரலில் பாடும் எங்கள் ஆல்டோ வரிசையில் கிசுகிசுத்தேன். அடிக்குரலில் பேஸ் பாடுகிற தவளை மாமா குஷியாகச் சேர்ந்துகொண்டார். பிறகு மொத்தக் குழுவும். கீபோர்டு அண்ணன்கூட விரலைத் தூக்கிக்கொண்டார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இதோ திட்டு விழப்போகிறது என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றோம். அப்பா எங்கள் வாய்களையே பார்த்தபடி, அழகாகக் கை வீசி, சரணத்தை முடித்துவைத்தார். "இப்பதான் பாட்டு பாட்டா இருக்கு. ஆல்டோ மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நான் செய்த குறும்புகளிலேயே இவ்வளவு கச்சிதமாகப் பலித்தது இது ஒன்றுதான். தவளை மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டே தண்ணீர் குடிக்கப் போனார்.

காதில் அழுக்கு என்று சொல்லி அம்மா அவரை டாக்டரிடம் அழைத்துப்போனாள். பட்டறையில் இத்தனை வருஷம் மெஷினில் தகரம் அடித்த சத்தம் நரம்பைத் தின்றுவிட்டதாம். கருவி வைத்தாலும் இரைச்சல்தான் கேட்குமாம், பாட்டு கேட்காதாம். பகலெல்லாம் அந்த மெஷினின் தட்டலில்தானே அவர் தாளம் பிடித்தார்! சாயங்காலம் கை கழுவிவிட்டு அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு ஜெப வீடு, சாவு வீடு என்று அலைந்து, அதையெல்லாம் பாட்டாக்கினார். கொடுத்த கையே பிடுங்கிக்கொண்டது. "அழுக்கு எடுத்தாச்சு" என்று அம்மா தலையாட்டினாள். அவரும் தலையாட்டினார். இருவரும் மாறி மாறிப் பொய் சொல்கிறார்கள், சத்தமே இல்லாமல்.

கேசட்டில் வந்த அவர் பாட்டை யாராவது பஸ்ஸில் முணுமுணுத்தால், "இது யாரு பாட்டுங்க, நல்லா இருக்கே" என்று விசாரித்துவிட்டு நமக்குக் கண்ணடிப்பாரே, நினைவிருக்கிறதா? போன வாரம் ஓர் அம்மா எங்களுக்கு முன் சீட்டில் அதே பாட்டைப் பாடிப் பிள்ளையைத் தூங்கவைத்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

போதகர் வீட்டுக்கு வந்தார். இந்த ஆராதனையோடு அப்பாவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, குழுவைக் கீபோர்டு அண்ணனிடம் ஒப்படைக்கப்போகிறார்களாம். பக்குவமாகச் சொல்லும்படி அம்மாவிடம் விட்டுப்போயிருக்கிறார். எப்போது சொல்வாய் என்று கேட்டேன். "சொன்னா மட்டும் கேக்கவா போவுது?" என்றாள். எனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

புதுப்பாட்டின் நடுவே ஒருத்தி மட்டும் பாடுகிற இரண்டு வரி இருக்கிறது. அதை அப்பா யாருக்கும் தரவில்லை. நாங்கள் கேட்டதற்கு, "அது பெரியவளுக்கு. வந்துருவா" என்றார். அந்த இடம் வந்ததும் நாங்கள் வாயை மூடிக்கொள்கிறோம். கீபோர்டும் நின்றுவிடுகிறது. அப்பா மட்டும் நீ நிற்கிற மூலையைப் பார்த்துக் கை வீசிக்கொண்டே இருக்கிறார். அங்கே இப்போது குடைகளைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு வரியில் மட்டும்தான் அவருக்குக் கேட்பதும் எங்களுக்குக் கேட்பதும் ஒன்றாக இருக்கிறது.

அம்மா இறங்கி வருகிறாள். லீவு கிடைக்காது என்று எழுதாதே. பாடி வருஷமாச்சு, தொண்டை கட்டிப்போச்சு என்றும் எழுதாதே. அப்பா கை வீசப்போகிற கடைசிப் பாட்டு இது. அது அவருக்கே தெரியாது. நீ பாடக்கூட வேண்டாம் அக்கா. வந்து அந்த மூலையில் நின்று வாயை அசை, போதும். குடைகளை நான் எடுத்துவிடுகிறேன்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் தங்கை,
வாலு