நாத்தனார் அனுப்பிய ஆர்க்கிட்

மார்ச் 3

ஆர்க்கிட்டின் கடைசிப் பூவும் இன்று விழுந்தது. இலையெல்லாம் மஞ்சள்.

நாத்தனார் என்னோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. மாமியார் போன பிறகு அவருடைய தையல் மெஷின் யாருக்கு என்று முட்டிக்கொண்டோம். இரண்டு பேருக்கும் தைக்கத் தெரியாது. போன மாதம் திடீரென்று, ஒரு வார்த்தைகூட எழுதாமல், இந்தச் செடியை அனுப்பினாள். அண்ணனிடம் மட்டும் போனில் சொல்லியிருக்கிறாள்: மே மாதம் வேலையாக இந்தப் பக்கம் வருகிறாளாம், எட்டிப் பார்ப்பாளாம். செத்த செடியைப் பார்த்தால்? வேண்டுமென்றே கொன்றேன் என்பாள்.

மார்ச் 4

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "செடிதானே, விடு." செடிதானாம்! அவள் யாருடைய தங்கையாம்?

மார்ச் 9

குட்டு உடைந்தது. நான் தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆபீஸ் விட்டு வந்ததும் இவரும் ஊற்றுகிறாராம். "நீ மறந்துடுவியேன்னுதான்..." என்று இழுத்தார். மாமனார் மெதுவாகச் செய்தித்தாளை மடித்தார். "மத்தியானம் நானும் ஒரு டம்ளர் ஊத்துறேம்மா. பாக்கப் பாவமா இருந்துச்சு."

பாசத்திலேயே மூழ்கடித்திருக்கிறோம்.

மார்ச் 10

நர்சரிக்காரம்மா சொன்னபடி செடியை வெளியே எடுத்து, கொழகொழத்த வேரையெல்லாம் வெட்டி, மரப்பட்டைத் துண்டுகளில் நட்டேன். இனி வாரம் ஒரு தடவைதான் தண்ணீர். நான் மட்டும்தான்.

மார்ச் 22

இன்னொரு இலையும் போச்சு. மாமனார் தினமும் ஜன்னலருகே போய், "இன்னிக்கு எப்படிம்மா இருக்கே?" என்று அதை விசாரிக்கிறார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கேட்டாரா?

ஏப்ரல் 5

அழுதுட்டேன். ஒரு செடிக்காகவா? இல்ல — எனக்கு அவ வேணும். அவ்வளவுதான். இதை அவகிட்டயே போன்ல சொல்ல எனக்கு என்ன கேடு?

ஏப்ரல் 17

பச்சையாக ஒரு வேர்! நகத்தளவு. இவரை இழுத்து வந்து காட்டினேன். "இதுக்கா இந்தக் கூச்சல்?" இதற்குத்தான்.

மே 2

வந்தாள். டாக்ஸியை வாசலிலேயே நிறுத்திவிட்டு. பத்து நிமிஷம்தானாம். நேராக ஜன்னலுக்குப் போனாள்.

"பூவெல்லாம் எங்க அண்ணி?"

கொல்லப் பார்த்ததையும் பிழைக்க வைத்ததையும் ஒரே மூச்சில் கொட்டினேன். குனிந்து அந்த வேரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"அன்னிக்கே குப்பையில போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன் அண்ணி."

"போடுவேனாடி?"

டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். அவளே போய் அனுப்பிவிட்டு வந்தாள்.

இப்போது என் நைட்டியைப் போட்டுக்கொண்டு, சமையலறையில் அண்ணனைக் கிழி கிழியென்று கிழித்துக்கொண்டிருக்கிறாள். நானும் போக வேண்டும்.