பிடியைத் தொடாதீர்கள்

கொழுந்தனார் அவர்களுக்கு,

உங்கள் அண்ணி எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். நலமாகத்தான் இருப்பீர்கள், நீங்கள் அனுப்பிய போட்டோவில் பல் தெரியச் சிரிக்கிறீர்களே. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றால் வாய் திறந்ததும் அழுகை வருகிறது. அதை உங்களுக்குக் கேட்கத் தர மாட்டேன். அதனால் எழுதிக் கூரியரில் போடுகிறேன். எழுத்தில் பிழை இருக்கும், நான் படித்தது அவ்வளவுதான். விஷயத்தில் பிழை இல்லை.

உங்கள் அண்ணன் போன பிறகு இந்த வீட்டிலிருந்து நீங்கள் எடுத்துப் போனது அவருடைய கிட்டார் ஒன்றைத்தான். கம்பி மாற்றித் தருகிறேன் என்றீர்கள். கம்பி மட்டும். இப்போது போட்டோ அனுப்பி, "அண்ணி, எப்படி மங்கிக் கெடந்துச்சு, இப்ப பாருங்க, மூஞ்சியே தெரியுது" என்கிறீர்கள். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தீர்களாம். பிறகு உங்கள் கடையில் காருக்குப் போடுகிற பாலிஷாம், பஞ்சுச் சக்கரமாம். திட்டுத் திட்டாக இருந்ததை எல்லாம் ஒரே மாதிரி ஆக்கிவிட்டீர்களாம்.

அந்தத் திட்டு என்னவென்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வாங்கும்போதே அது மங்கலான மெருகுதான். பளபளப்பு வேண்டாம் என்று அவரே தேடி வாங்கினார். லிப்டு ரிப்பேர் வேலை முடிந்து வந்து, கை கழுவி, சட்டையை மடித்துவிட்டு உட்காருவார். வலது முன்கை கிட்டாரின் மேல் விளிம்பில் சாயும். வருஷக்கணக்காகச் சாய்ந்து அந்த ஒரு இடம் மட்டும் தானாக மினுங்க ஆரம்பித்தது. நான் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள், கறுப்புப் பேன்ட் உட்காருகிற இடத்தில் மினுங்கினால் அது தேய்மானம் என்று எனக்குத் தெரியும். சொன்னதற்கு, "நீ பெட்டிய வச்சுத் தேய்க்கிற, நான் கைய வச்சுத் தேய்க்கிறேன், எனக்குக் கூலிதான் வரல" என்று சிரித்தார்.

அவர் போன பிறகு என் சின்னவள் அந்த இடத்தில்தான் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உங்கள் போட்டோவைக் காட்டினேன். இது யாரோட கிட்டார் என்று கேட்டாள். பள்ளிக்கூடம் போகிறாள், வருகிறாள். போட்டோவை மறுபடி காட்டச் சொல்லவில்லை.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வர உங்களுக்கு நேரமில்லை. கடையில் வண்டி நிற்கிறது என்றீர்கள். இதைத் தேய்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கிடைத்திருக்கிறது. அண்ணன் ஞாபகமாகக் கடைச் சுவரில் மாட்டப் போகிறீர்களாம். அவர் கை இருந்த இடத்தில் உங்கள் மூஞ்சி தெரிகிறது தம்பி. அதை மாட்டினால் யாருடைய ஞாபகம்?

இடது கையால் கம்பியை அழுத்துகிற நீளப் பிடியின் பின்பக்கம் பாக்கி இருக்கிறது, வருகிற ஞாயிறு முடித்துவிடுவேன் என்றீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். லிப்டுக் கதவில் நசுங்கி அவருடைய இடது கட்டைவிரல் நிமிராமல் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கோணல் விரல் ஏறி இறங்கிய தடம் அங்கே இருக்கிறது. நடுவில் ஓடாது, ஓரமாக ஒதுங்கி ஓடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். நீங்களும் பாருங்கள். கண்ணால் பார்த்தால் போதும்.

இவளுக்குச் சண்டை போடத் தெம்பு இருக்காது என்று நினைக்க வேண்டாம். சனிக்கிழமைக்குள் கிட்டார் இங்கே வராவிட்டால் நான் அங்கே வருவேன். உங்கள் வாடிக்கைக்காரர்கள் நிற்கும்போது வருவேன்.

நீங்களும் பிள்ளைகளும் நன்றாக இருங்கள். அவர் கூடப் பிறந்தவர் நீங்கள், என் வாயில் வேறு வராது. பழைய போர்வையில் சுற்றிக் கொண்டுவாருங்கள். தூசி இருந்தால் இருக்கட்டும். துடைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி