பவுரோவின் வலது விலா

2019 மார்ச் 4, திங்கள்
என் புருஷன் பவுரோவுக்கு வலது தோள் வலிக்கிறதாம். துடுப்பு போட்டதால்தான் என்கிறான். இருபது வருஷமாகப் போடும் துடுப்பு, இப்போது மட்டும் ஏன் வலிக்க வேண்டும்?

மார்ச் 11
அரைத் தட்டுச் சோற்றோடு எழுந்துவிட்டான். "வயிறு ரொம்பிருச்சு மீரே." ஒரு முழு ஈரப்பலாவைத் தனியாகத் தின்கிற ஆள்!

மார்ச் 19
எங்கள் தீவு நர்ஸ் மூன்றாவது முறையாக அதே நெஞ்செரிச்சல் மாத்திரையைத் தந்தாள்.

மார்ச் 24, ஞாயிறு
பூசை முடிந்து வந்ததும் அவன் தங்கை ரோத்தியா தேங்காய் எண்ணெய் தேய்த்து நீவிவிட்டாள். திடீரென்று அவள் கை நின்றது. "அண்ணி, இங்க தொட்டுப் பாருங்க." வலது விலா எலும்புக்குக் கீழே கல் மாதிரி. அழுத்தினால் அசையவில்லை.

அப்புறம்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தேன். கைகால்கள் குச்சி, வயிறு மட்டும் உப்பல். சொறிந்து சொறிந்து புண்ணான முதுகு. கறுப்புத் தேநீர் நிறத்தில் சிறுநீர். வெயிலில் நிறுத்திக் கண்ணைப் பார்த்தேன் — மஞ்சள். எத்தனை நாளாக? தினமும் பார்க்கிற முகம்தானே, என்னத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

மார்ச் 25
அவன் அண்ணன் கபுவாட்டி சிரித்தான். "ஈரல் கெடுறது குடிகாரனுக்கு. இவன் கள்ளுப் பானை பக்கமே போகாதவன்."

நர்ஸ், தலைநகர் தாராவாவின் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுத மறுத்தாள். அடுத்த மாதம் பார்க்கலாமாம். "நீ எழுதலன்னா நான் எழுதுவேன். உனக்கே எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்தவ நான்தான்!" — கத்திவிட்டேன். எழுதிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 1, தாராவா
ஸ்கேனில் ஈரலில் பெரிய கட்டி. புற்றுநோய். ரத்தக் குழாய்க்குள்ளும் இறங்கிவிட்டதாம், வெட்டி எடுக்க முடியாதாம். காரணம் குடி இல்லை, மஞ்சள் காமாலைக் கிருமி. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கும் என்றார் டாக்டர்.

"அம்மா குடுத்தத வேணாம்னா சொல்ல முடியும்?" என்று பவுரோ அவரையே சிரிக்க வைத்தான். வெளியே வந்ததும் சுவரில் சாய்ந்து நின்றான். "எத்தன மாசம்னு கேக்காத மீரே. கேட்டா எண்ண ஆரம்பிச்சிருவ."

அதைக் கேட்கவில்லை. உள்ளே திரும்பிப் போய் வேறொன்று கேட்டேன்: அண்ணன் தங்கைக்கும் இருக்குமா? இருக்கலாமாம். முன்னாலேயே தெரிந்தால் மாத்திரை உண்டாம்.

ஏப்ரல் 14
ஊரில் பேச்சு, பவுரோ திருட்டுத்தனமாகக் குடித்தானாம். இவர்கள் வாயில் மண்ணைப் போட!

ரோத்தியா கிருமிச் சோதனைக்கு ரத்தம் கொடுக்க மாட்டேன் என்கிறாள். "என்னையும் குடிகாரின்னுதான் சொல்லுவாங்க அண்ணி. எம்புருஷன் விட்டுட்டுப் போயிருவான்."

ஏப்ரல் 21, ஈஸ்டர்
ஊர்க்கூடத்தில் விருந்து. பெரியவர்கள் பேசி முடித்ததும் பவுரோ என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். சட்டையைத் தூக்கினான்.

"நல்லாப் பாருங்க. இதுக்குள்ள ஒரு சொட்டுக் கள்ளு போனதில்ல. போயிருந்தா சந்தோஷமாவாவது இருந்திருப்பேன்."

கூடமே சிரித்தது.

"சிரிங்க. ஆனா புதன்கிழமை தாராவாலேர்ந்து படகுல ஊசிக்காரங்க வர்றாங்க, எல்லாரும் சோதனைக்கு ரத்தம் குடுங்க. என் தங்கச்சி மொதல்ல குடுப்பா. குடுக்கலன்னா இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு தெனமும் அவ வீட்டு வாசல்ல வந்து ஒக்காருவேன்."

ரோத்தியா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நடுவில் சிரித்தும்விட்டாள். அவள் புருஷன்தான் முதலில் கை தூக்கினான்.

ஏப்ரல் 24
ரத்தம் கொடுத்தது முப்பத்தெட்டுப் பேர். எல்லாம் முடிந்தபின் நர்ஸ் பவுரோவின் பாயருகே வந்து உட்கார்ந்து அழுதாள். அவளுக்கு இளநீர் கொடுக்கச் சொன்னான். எனக்கு மனசில்லை. கொடுத்தேன்.

மே 30
கபுவாட்டிக்குக் கிருமி இல்லை. எனக்கும் இல்லை. ரோத்தியாவுக்கு இருக்கிறது. தினம் ஒரு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். "பாத்தியா, நேரத்தோட புடிச்சிட்டோம்," என்றான் பவுரோ. குரல் மட்டும்தான் இப்போது அவனிடம் மிச்சம்.

ஜூன் 17
எழுத முடியவில்லை.

டிசம்பர் 3
தாராவாவிலிருந்து ரோத்தியா போன் செய்தாள். "கட்டி கிட்டி ஒண்ணுமில்லையாம் அண்ணி! அண்ணன்கிட்ட சொல்லிருங்க."

வீட்டை ஒட்டித்தான் அவன் கல்லறை. போய்ச் சொன்னேன். கபுவாட்டி அங்கே இலை பெருக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னொரு வாட்டி சொல்லு மீரே. கத்திச் சொல்லு. இந்த அலைச் சத்தத்துல அவனுக்குக் கேட்டிருக்காது."

கத்திச் சொன்னேன்.