எல்லாத்துக்கும் "நன்று"

வியாழக்கிழமை.

கட்டு மாத்திக்கிட்டுப் போறவங்ககிட்ட ஆஸ்பத்திரியைப் பத்திக் கருத்துப் படிவம் வாங்கணும். நர்ஸுங்க நாங்களே எல்லாத்துக்கும் "நன்று"ன்னு டிக் போட்டுடுவோம், கையெழுத்து மட்டும் அவங்களுது. இன்னிக்குக் கட்டு மாத்த வந்த மும்தாஜ் அக்கா கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க. செராமிக் யூனிட்டுல சூளையிலேர்ந்து வர்ற பீங்கான் ஃபியூஸ் கட்டையைத் தட்டிப் பாத்து, விரிசல் விட்டதை ஒதுக்குறவங்க அவங்க.

"ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சுட்டு நன்றுன்னு போட்டிருக்கீங்களே, சிஸ்டர். நான் ஒரு நாள் பூரா ஒண்ணுகூட ஒதுக்கலைன்னா, தட்டியே பாக்கலைன்னு சூப்பர்வைசரு திட்டுவாரு."

எனக்குச் சுள்ளுன்னு கோவம் வந்துச்சு. கட்டு மாத்த நான் ஒருத்திதானே இருக்கேன்? "அதையும் எழுதுங்க"ன்னு பேனாவை நீட்டினேன். நெசமாவே எழுதிட்டாங்க: "ஒரே சிஸ்டர்தான். இன்னொருத்தர் வேணும்." ஆஸ்பத்திரி மீட்டிங்ல இத்தனை நாளா நான் வாய் தொறந்து கேக்காதது அது. நாளைக்கு டாக்டரம்மாகிட்ட அந்தப் படிவத்தைத்தான் மொதல்ல வெப்பேன்.

அடுத்து வந்த பெரியவருக்கு டிக் போடாத படிவத்தைக் கொடுத்து, குறை இருந்தா எழுதச் சொன்னேன். முன்னாடி பாத்தாரு, திருப்பிப் பாத்தாரு.

"பின்பக்கமும் எழுதலாமாங்க?"