தோற்பதற்கென்றே நின்றவன்

அன்பு மகள் இலின்காவுக்கு,

நானும் உன் சித்தியும், பதினாலு கோழிகளும், நிஸ்டர் ஆறும் இங்கே சுகம். இத்தாலியில், அந்தப் போலோனியா நகரத்தில் நீ பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு இருமல் நின்றதா, நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அதை முதலில் எழுது. உன் அப்பன் போன பிறகு உன்னை வளர்த்த இந்தச் சித்தப்பன், நம் திராட்சைக் கொடியின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இனி எழுதப்போவதை ஒரு ஜீவனும் நம்பாது. நம் தபால்தலை நம் நாட்டைப் போலவே ஆற்றைத் தாண்டினால் செல்லாது என்பதால், மினிபஸ் ஓட்டும் விக்டோரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நான் தேர்தலில் நின்றேன். சிரிக்காதே. பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய், நான் ஓட்டும் பள்ளிப் பேருந்து வரை எல்லாம் நாட்டை ஆளும் இயக்கத்தின் கையில் இருக்கும் ஊரில், எதிர்த்து நிற்க யாருக்குத் துணிச்சல் வரும்? ஆனால் உலகம் நம்மை ஒரு நாடாக மதிக்க வேண்டுமானால் எதிராளி ஒருவராவது தேவை என்று மேலிடத்தில் தோன்றிவிட்டதாம். இயக்கத்தின் ஊர்ச் செயலாளர் ஸகார் வீட்டுக்கே வந்துவிட்டான். “காவ்ரில் அண்ணே, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா நில்லுங்க, கௌரவமா தோத்துப்போங்க” என்றான். “தோக்கறதுக்கு இவருக்குச் சொல்லியா குடுக்கணும்” என்றாள் உன் சித்தி. என் தேர்தல் அறிக்கையையும் அவனே எழுதினான், ஊரில் வேறு யாரும் தொடாத அவனுடைய அந்தப் பச்சை மையில்: எல்லாம் நன்றாகவே இருக்கிறது, நான் எதையும் மாற்றமாட்டேன்.

நான் பேசிய கூட்டத்துக்கு வந்த ஜனத்தைப் பார்த்து நிஸ்டரே அரை மணி நேரம் பின்னோக்கி ஓடியது. அதைவிடப் பெரிய கூத்தைக் கேள். நம் ஊர்க்காரர்கள் அண்டை வீட்டான் அவமானப்படுவதைத் தாங்கமாட்டார்கள். பாவம் காவ்ரிலுக்கு எவனும் போடமாட்டான், நாமாவது ஒன்று போடுவோம் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே இரக்கப்பட்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல் எனக்கே போட்டுத் தொலைத்தார்கள். வேட்பாளன் என்று எண்ணும் இடத்தில் என்னையும் உட்கார வைத்திருந்தார்கள். என் ஓட்டுச்சீட்டுக் குவியல் கூரை விளக்கை இடித்தது. ஸகார் முகம் பாலாடைக்கட்டி போல் வெளுத்தது. மறுபடி எண்ணினார்கள். மூன்றாவது தடவைதான் கணக்கு ஒழுங்காக வந்தது: எனக்குப் பத்தொன்பது.

மறுநாள் பேருந்துச் சாவியை வாங்கிக்கொண்டார்கள், வண்டியைப் பழுது பார்க்கவாம். ஒன்பது நாள், இலின்கா. வேலியைச் சரிசெய்தேன், பிரித்தேன், மறுபடி சரிசெய்தேன். இந்த வயதில் வண்டி போனால் எனக்கு வேறு என்ன தெரியும்? உட்கார்ந்தால் இருப்பு கொள்ளவில்லை. நேற்று ஸகார் வந்தான். சூடாக மக்காச்சோளக் களி, நம் மமலீகா வைத்தோம், தொடவில்லை. “அண்ணே, அன்னைக்கு எண்ணும்போது சீட்டையெல்லாம் உத்துப் பாத்தீங்களா?” என்று மெதுவாகக் கேட்டான். “கண்ணாடிய வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டேன் தம்பி” என்றேன்.  அவன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, மமலீகாவை வழித்துச் சாப்பிட்டான்.

சாவி வந்தும் மனம் அடங்கவில்லை. எந்த வண்டி நின்றாலும் ஜன்னலுக்கு ஓடுகிறேன். தொலைபேசியில் வானிலையை மட்டும் கேள், அதில் வேறு காதுகளும் இருக்கும். கம்பளிச் சட்டையை மறக்காதே. உன் அப்பன் இருந்து சொல்லவேண்டிய வாழ்த்தையும் சேர்த்துச் சொல்கிறேன்: நூறு திராட்சை அறுவடை காண்பாய்.

தோற்றாலும் தலை நிமிர்ந்த,
உன் சித்தப்பன் காவ்ரில்

பி.கு.: ஆறு நேராகத்தான் ஓடியது, கூரை விளக்குக்கும் சேதமில்லை. கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது. எனக்கு விழுந்த சீட்டுகளில் ஒன்றில் மட்டும் குறி பச்சை மையில் இருந்தது. அது சத்தியமான உண்மை.