பால் ஜாயிண்ட் கழன்றது

13 மார்ச் 1966, ஞாயிறு இரவு

நான் லைசன்ஸ் எடுத்த பிறகும் என் கணவர் எங்கள் பழைய காரைத் தந்ததில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் குண்டு மூட்டு, அந்தப் பால் ஜாயிண்ட், தேய்ந்து ஆடுகிறது, ஆபத்து என்பார். இன்று வாசலில் காரைத் தூக்கி நிறுத்தி அவரே மாற்ற உட்கார்ந்தார். பழையது கழலவே இல்லை. சுத்தியலால் அடித்து அடித்து ஓய்ந்துபோனார்.

"தள்ளுங்க, நான் அடிக்கிறேன்" என்றேன்.

"உன்னால முடியாது லா" என்று சிரித்தார்.

இரண்டாவது அடியில் டங்கென்று கழன்று வந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வேலியோரம் நின்று கைதட்டினார். புதியதைப் பொருத்தி முடித்ததும் என் கணவர் சாவியை என் கையில் வைத்தார்.

"இனி என்ன சாக்கு சொல்றது? நீயே ஓட்டு."

தேக்கா சந்தை வரை ஓட்டினேன். வளைவுகளில் சக்கரம் சத்தமே போடவில்லை. போகும்போது அவர் கதவுப் பிடியை இறுகப் பற்றியிருந்தார். திரும்பி வரும்போது தூங்கியே விட்டார்.